மீட்டிங்கில் ஆறாவது கட்டம்

போன செமஸ்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ, கூகுள் மீட்டில். டீமில் நாலு பேர்: ரெண்டு பேர் ராஜபாளையம், ரெண்டு பேர் ஸ்ரீவில்லிபுத்தூர். கைடோட சேர்த்து அஞ்சு. ஆறாவதா ஒரு கட்டம் உள்ளே வர அனுமதி கேட்டது. "யாருப்பா இது?"ன்னு சார் கேட்டார். டீம்ல ஒருத்தன் சும்மா ட்ரை பண்ண போட்ட ஏஐ நோட்டேக்கர். "மினிட்ஸ் எழுதும் சார், நமக்கு வேலை மிச்சம்"னு சொன்னது நான்தான்.

சார் கிளம்பின பிறகும் நாங்க பேசிட்டிருந்தோம். மில்லில் வேலை பார்க்கிற அப்பாவுக்கு உடம்பு முடியலை, வீட்டில் பணக் கஷ்டம்னு ஒரு நண்பன் மனசு விட்டுச் சொன்னான். கால் முடிஞ்ச பத்து நிமிஷத்தில் எல்லாருக்கும் மெயில். சாருக்கும்தான். ப்ராஜெக்ட் சுருக்கத்துக்குக் கீழே, அவன் பெயர் போட்டு, 'எக்ஸாம் ஃபீஸ் கட்ட முடியவில்லை, ஹெச்ஓடியிடம் பேச வேண்டும்' என்று ஒரு ஆக்‌ஷன் ஐட்டம்! இத்தனைக்கும் பாக்கி அவன் ஃபீஸ் இல்லை, தங்கச்சியோடது.

இது எப்படி நடக்குது? இந்த மாதிரி ஆப்புக்கு நாம முதலில் கொடுப்பது கேலண்டர் அனுமதி. அங்கே மீட்டிங் லிங்க் இருந்தால், அதுவே ஒரு ஆளாக வந்து நிற்கும். நம்ம குரல் அந்தக் கம்பெனியின் சர்வருக்குப் போய் எழுத்தாகும், யார் பேசினது என்று பிரிக்கப்படும், பிறகு ஒரு மொழி மாடல் சுருக்கம் எழுதும். ஹோஸ்ட் போனாலும் ஆள் இருக்கும்வரை பதிவு ஓடலாம். செட்டிங்கை மாற்றாவிட்டால், அழைப்பில் இருந்த எல்லாருக்கும் மெயிலும் போகலாம்.

நம்ம ஊர்ப் பேச்சில் இன்னொரு சிக்கல். தமிழ் வாக்கியம் அதுக்குச் சரியாகப் புரியலை. நடுவில் வர்ற ஃபீஸ், ட்யூ, லோன், ஹாஸ்பிட்டல் மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கு. நாம ஆங்கிலத்தில் சொல்ற வார்த்தைகள்தான் பெரும்பாலும் நம்ம ரகசியங்கள்! அதை வச்சு ஒரு கதையைக் கட்டிருச்சு.

2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஆட்டர் நிறுவனத்தின் மேல் ஒரு வழக்குப் போட்டாங்க. போட்டவருக்கு அந்த ஆப்பில் அக்கவுண்டே கிடையாது. வேற ஒருத்தர் கொண்டுவந்த ஆட்டர் தன் பேச்சைச் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து, மாடலைப் பயிற்றுவிக்கவும் பயன்படுத்தியது என்பது அவர் குற்றச்சாட்டு. எங்க கதையும் அதேதான். 'ஓகே' அழுத்தினவன் ஒருத்தன், மாட்டினவன் இன்னொருத்தன்.

நம்ம நாட்டின் 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தெளிவாக, விஷயம் தெரிந்து கொடுத்ததாக இருக்கணும் என்கிறது. 18 வயசுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேணும். ஃபர்ஸ்ட் இயரில் பல பேருக்கு 17தானே! விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன; முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாசம். அதுவரை ஆன்லைன் மென்டரிங்கிலும் வைவாவிலும் ஆறாவது கட்டத்தைப் பார்த்துக்க வேண்டியது நாமதான்.

ஆப்பை அழிச்சால் போதும்னு நினைக்காதீங்க. நாங்களும் அழிச்சோம், அடுத்த ரிவ்யூவுக்குத் திரும்ப வந்து நின்னுச்சு. கூகுள் அக்கவுண்டில் மூன்றாம் தரப்பு இணைப்புகள் பக்கத்துக்குப் போய் கேலண்டர் அனுமதியை நீக்கணும். முன்னாடி பதிவானதை அந்த ஆப்பின் அக்கவுண்டுக்குள்ளே போய்த் தனியாக அழிக்கணும். ஏற்கனவே போன மெயிலை ஒண்ணும் பண்ண முடியாது.

சார் அந்த மெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசலை. நண்பன் இப்பல்லாம் ரிவ்யூ முடிஞ்ச உடனே லீவ் அழுத்திடுறான்.