நீரை நடத்தும் சரிவு

இயந்திரப் பம்பிகள் இல்லாத காலத்தில் தொலைதூர நகருக்கு நீர் போனது எப்படி? சீரான சரிவின் மூலம்தான். பிரான்சின் நீம் நகருக்கு உரோமர் அமைத்த 50 கிலோமீற்றர் கால்வாய், கிலோமீற்றருக்குச் சராசரியாக 25 சென்ரிமீற்றரே தாழ்ந்தது. பள்ளத்தாக்கு குறுக்கிட்ட இடத்தில் சரிவு குலையாதிருக்க, உயர்ந்த கற்பாலம் கட்டி அதன்மேல் நீரை ஓடவிட்டார்கள்.

நம் நாட்டில் 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் இதை மண்ணிலேயே செய்வித்தான். கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திஸ்ஸவாவி வரை செல்லும் யோத எல 87 கிலோமீற்றர் நீளமானது. அதன் முதல் 27 கிலோமீற்றரில் சரிவு, கிலோமீற்றருக்குச் சுமார் 10 சென்ரிமீற்றர் மட்டுமே! சரிவு கூடினால் கரை அரிக்கும். குறைந்தால் வண்டல் நிறையும். கரையும் ஒரு பக்கம்தான். மறுபக்கத்து மேட்டுநிலத்தின் மழைநீரும் அதில் வந்து சேரும்.

இன்று அந்த வாய்க்காலுக்குக் கண்டியின் நீரும் போகிறது. பேராதனை, கட்டுகஸ்தோட்டை கடந்து வரும் மகாவலியின் ஒரு பகுதியை, 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்ல அணைக்கட்டு திசைதிருப்புகிறது. அந்நீர் 8 கிலோமீற்றர் சுரங்கத்தினூடாக உக்குவெல மின்நிலையத்துக்குச் சென்று, மின்சாரம் தந்தபின் சுது கங்கை, போவதென்ன வழியாகக் கலாவாவியை அடைகிறது.

ஆகவே, நாம் இங்கே ஆற்றில் எறியும் குப்பை இங்கேயே நின்றுவிடாது. நீர் செல்லும் ஊர்களுக்கெல்லாம் அந்த அழுக்கும் செல்லும்.