ஹை-டீ பில்லில் வரும் ++: அந்தக் காசு யாருக்குப் போகுது?

நிபோங் திபாலிலிருந்து நாலு பேர் ஜார்ஜ்டவுனுக்கு ஹை-டீ பஃபே சாப்பிடக் கிளம்புறீங்கன்னு வையுங்க. விளம்பரத்தில் தலைக்கு 100 ரிங்கிட்++ என்று இருக்கு. 400 ரிங்கிட்டை எடுத்து வச்சுக்கிட்டுப் போறீங்க. பில் 464 ரிங்கிட் வருது. அந்த 64 எங்கிருந்து வந்தது?

முதல் ‘+’ சேவைக் கட்டணம், வழக்கமாக 10 விழுக்காடு. இரண்டாவது ‘+’ சேவை வரி, 6 விழுக்காடு. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தாலும், உணவு, பானங்களுக்கு 6 விழுக்காடே நீடிக்கிறது. இது அரசாங்கத்துக்குப் போகும் பணம். ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் உணவகங்கள்தான் இதை வசூலிக்க வேண்டும். அதனால்தான் ஒட்டுக்கடையில் தே தாரேக் குடிச்சா இந்தத் தலைவலி இல்லை.

சேவைக் கட்டணம் வரி இல்லை. பலரும் இங்கேதான் குழம்புறாங்க. “தட்டை நாமே தூக்கிட்டுப் போய் நாமே போட்டுக்கிறோம், அப்புறம் என்ன சேவை?” என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் காலித் தட்டை எடுப்பது, தீர்ந்த ரொட்டி ஜாலாவை நிரப்புவது, தேநீரைச் சூடாகக் கொண்டு வருவது எல்லாம் ஒரு ஊழியரின் வேலை. தங்கும் விடுதிகளில் இந்தப் பணம் பெரும்பாலும் ‘பாயிண்ட்’ கணக்கில் ஊழியர்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது.

குறைந்தபட்ச சம்பளம் வந்த பிறகு, அந்தப் பணத்தை வைத்தே சம்பளத்தை நிரப்பலாமா என்று ஒரு ஹோட்டலுக்கும் தொழிற்சங்கத்துக்கும் வழக்கு நடந்தது. முடியாது என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேவைக் கட்டணம் ஊழியர்களுக்கு உரியது. முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய சம்பளத்துக்கு அது ஈடாகாது. இப்போது 1,700 ரிங்கிட்டாக இருக்கும் குறைந்தபட்ச சம்பளத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கு. இங்கிலாந்தில் ‘ஹை டீ’ என்பது வேலை முடிந்து வந்த தொழிலாளர்கள் சாப்பிட்ட மாலை உணவு. சீமாட்டிகள் கேக்கும் சாண்ட்விச்சும் கொறித்தது ‘ஆஃப்டர்நூன் டீ’. நாம் பெயரை முன்னதிலிருந்தும் பந்தாவைப் பின்னதிலிருந்தும் எடுத்து, நடுவில் லக்சா, சாத்தே, ரோஜாக் வச்சுட்டோம்.

அந்த ஆங்கிலேயத் தேநீருக்கும் நிபோங் திபாலுக்கும் தொடர்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில், ரப்பர் வருவதற்கு முன், இந்த வட்டாரம் கரும்புத் தோட்டக்காடு. வெட்டியவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த தமிழர்கள். ஜார்ஜ்டவுனில் 1885 முதல் இருக்கும் ஈ அண்ட் ஓ ஹோட்டல் போன்ற இடங்களில் அவர்கள் காலத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தவர்கள் வேறு ஆட்கள்.

போகிறவர்களுக்கு: கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. இடம் பதிவு செய்யும்போதே “விலை ++ஆ, நெட்டா?” என்று கேளுங்க. ‘நெட்’ என்றால் எல்லாம் சேர்த்த விலை. மிச்சம் வைக்கும் உணவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுடுங்க. சில இடங்களில் எடை போட்டு வாங்குறாங்க.