விலங்குகளின் பாசமும் மூளை இரசாயனங்களும்

மாணவர்களே, ஓமோன் என்றால் என்னவென்று கேட்டால், "குருதியினால் இலக்கு அங்கத்துக்குக் கடத்தப்படும் இரசாயனப் பதார்த்தம்" என நீங்கள் சரியாகவே எழுதுவீர்கள். ஆனால் "ஒட்சிரோசின் சுரந்தால் விலங்கில் பாசம் உண்டாகும்" என்றும் சிலர் எழுதுகின்றனர். இது அரைகுறை விடை. ஏன் என்பதை ஓர் உதாரணம் மூலம் நோக்குவோம்.

வோல் என்பது எலியை ஒத்த சிறிய விலங்கு. வட அமெரிக்காவில் வாழும் பிரெய்ரி வோல் ஒரே துணையுடன் நிலைத்து வாழும். ஆணும் குட்டிகளைப் பராமரிக்கும். அதற்கு நெருங்கிய இனமான மெடோ வோல் அவ்வாறு நிலையான சோடியாக வாழ்வதில்லை.

இரண்டு இனங்களின் மூளையிலும் ஒட்சிரோசின், வசோபிரசின் ஆகியன உண்டு. அப்படியாயின் நடத்தை வேறுபடுவது ஏன்? இரசாயனம் திறப்பு எனின், நரம்புக்கலத்திலுள்ள வாங்கி பூட்டு ஆகும். பூட்டு இல்லாத இடத்தில் திறப்பால் பயனில்லை. இவ்வாங்கிகள் மூளையில் பரந்திருக்கும் விதம் இரு இனங்களிலும் வேறுபடுகின்றது. பிரெய்ரி வோலில், டோபமீன் தொழிற்பட்டு இன்ப உணர்வுடன் தொடர்புபடும் பகுதிகளில் இவை செறிவாக உள்ளன.

2004 இல் வெளியான ஆய்வொன்றில், ஆண் மெடோ வோலின் முன்மூளையில் வசோபிரசின் வாங்கிக்கான பரம்பரையலகு புகுத்தப்பட்டது. அதன்பின் அவை பழகிய துணையையே அதிகம் நாடின.

இத்துடன் முடிந்ததா? இல்லை. ஒட்சிரோசின் வாங்கியே இல்லாதவாறு உருவாக்கப்பட்ட பிரெய்ரி வோல்களும் சோடி சேர்ந்தன என 2023 இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, ஒரு வழி அடைபட்டாலும் அந்நடத்தை தோன்றலாம். "ஓர் இரசாயனம், ஓர் உணர்வு" என்ற எளிய சூத்திரம் பொருந்தாது.

விடையில் கவனிக்க வேண்டியவை:

1. இரசாயனம் மட்டுமன்றி, வாங்கி அமைந்துள்ள இடமும் முக்கியம்.
2. ஒரு நடத்தையில் பல இரசாயனங்கள் சேர்ந்து பங்குகொள்ளலாம்.
3. நாம் அவதானிப்பது விலங்கின் நடத்தையை. அதன் உள்ளுணர்வை நேரடியாக அன்று.

எனவே "பாசத்தை உண்டாக்கும்" என்று எழுதாது, "பிணைப்பு நடத்தையில் பங்குகொள்ளும்" என்று எழுதுங்கள். ஒரு சொல்தான் மாறுகிறது. விளங்கி எழுதியவர் யார், மனனம் செய்து எழுதியவர் யார் என்பதை அச்சொல்லே காட்டிவிடும்.