தேனீயின் கண்ணுக்குத் தெரியும் பூ

சூரியகாந்தி வயல் பூத்து நிற்கும்போது வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இதழ் முழுவதும் ஒரே மஞ்சளாகத் தெரிகிறது. அதே பூவை நாடி வரும் தேனீ காண்பது வேறு. தேனீயின் கண்ணுக்கு இதழின் நுனிப்பாதி ஒரு நிறம். அடிப்பாதி மற்றொரு நிறம். வில்வித்தைக்கு வைக்கும் இலக்குப் பலகையைப்போல, பூவின் நடுவே ஒரு வட்டம் அதற்குத் தெளிவாகத் தெரிகிறது. மகரந்தமும் தேனும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

மனிதக் கண்ணுக்குப் புலப்படாத இந்த வட்டத்தைப் படம் பிடித்துக் காட்ட முடியும். அதற்குத் தேவைப்படுவது காமிராவின் லென்ஸ் முன்னால் பொருத்தும் ஒரு சிறு கண்ணாடித் தகடு. பில்டர் எனப்படும் இந்த வடிகட்டிக்கும் விவசாயிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பூ நிறையப் பூத்தும் பொக்கு விதைகளாகவே விழுகிற வயல்களைக் கண்டவர்களுக்கு அந்தச் சம்பந்தம் எளிதில் விளங்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

சூரிய ஒளியில் நாம் காணும் ஏழு வண்ணங்களுக்கு அப்பாலும் கதிர்கள் உள்ளன. ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டர் கணக்கில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். மனிதக் கண் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியையே காணும். 400-க்குக் கீழே இருப்பவை புற ஊதாக் கதிர்கள். 700-க்கு மேலே இருப்பவை அகச்சிவப்புக் கதிர்கள்.

தேனீயின் பார்வை ஏறக்குறைய 300-இல் தொடங்கி 650-இல் முடிந்துவிடுகிறது. ஆகவே நமக்குத் தெரியாத புற ஊதா அதற்குத் தெரியும். நமக்குத் தெரியும் ஆழ்ந்த சிவப்பு அதற்குத் தெரியாது. நம் கண் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றை அடிப்படையாகக் கொண்டு நிறங்களைக் காண்கிறது. தேனீயின் கண் பச்சை, நீலம், புற ஊதா ஆகிய மூன்றை அடிப்படையாகக் கொண்டு காண்கிறது.

இது ஒரே நாளில் கண்டறியப்பட்டதன்று. பூவிதழ்களில் உள்ள கோடுகளும் புள்ளிகளும் பூச்சிகளுக்குத் தேன் இருக்குமிடம் காட்டும் வழிகாட்டிகள் என்று ஜெர்மானியரான ஸ்பிரெங்கல் 1793-ஆம் ஆண்டிலேயே எழுதினார். எறும்புகள் புற ஊதா ஒளியை உணர்ந்து, அது படும் இடத்திலிருந்து தங்கள் கூட்டுப்புழுக்களை அகற்றுவதை இங்கிலாந்தின் ஜான் லப்பக் கண்டு 1882-இல் நூலில் வெளியிட்டார். தேனீக்கள் நிறத்தைப் பிரித்தறியும் என்பதைக் கார்ல் வான் பிரிஷ் 1914-இல் நிரூபித்தார். சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே நீல அட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் சர்க்கரைப் பாகு வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு பாகை எடுத்துவிட்ட போதிலும் தேனீக்கள் நீல அட்டையையே தேடி வந்தன. தேனீ ஆராய்ச்சிக்காக அவருக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. தேனீக்குப் புற ஊதாவும் தெரியும் என்பதை ஆல்பிரட் கூன் 1924-இல் உறுதிப்படுத்தினார்.

வடிகட்டியின் வேலை

அரிசி சலிக்கும்போது சல்லடை எதைத் தடுக்கிறது, எதைக் கீழே விடுகிறது என்பதுதான் முக்கியம். ஒளி வடிகட்டியும் அப்படியே. புற ஊதாப் படத்துக்கான வடிகட்டி நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் தடுத்து, புற ஊதாவை மட்டும் உள்ளே விடவேண்டும். ஆகவே அத்தகைய கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் கன்னங்கரேலென்று இருக்கும்.

அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் உட் இத்துறையின் முன்னோடி. நிக்கல் ஆக்சைடு கலந்து அவர் உருவாக்கிய கருங்கண்ணாடி இன்றும் 'உட் கண்ணாடி' என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. கள்ள நோட்டைக் கண்டறியக் கடைகளில் வைத்திருந்த பழைய ஊதா விளக்குகளின் கருங்குழாய்கள் இவ்வகைக் கண்ணாடியால் ஆனவையே. 1910-இல் அவர் வெளியிட்ட புற ஊதாப் படங்களில் வெள்ளைப் பூக்கள் கருமையாகத் தெரிந்தன. வெள்ளைப் பூக்களில் பெரும்பாலானவை புற ஊதாவைத் திருப்பியனுப்பாமல் உறிஞ்சிக்கொள்வதே இதற்குக் காரணம். நமக்கு வெள்ளையாகத் தெரியும் பூ தேனீக்கு நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தெரிகிறது.

பிலிம் சுருள் காலத்தில் கோடாக் நிறுவனத்தின் 'ராட்டன் 18ஏ' என்ற வடிகட்டி இதற்குப் பயன்பட்டது. ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் 'யூஜி 11' என்ற கண்ணாடியைச் செய்தது. இவற்றில் ஒரு குறை உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்தாலும், 700 நானோமீட்டருக்கு அப்பால் கொஞ்சம் அகச்சிவப்பை இவை கசியவிடும். சாதாரண பிலிம் அகச்சிவப்பை உணராது என்பதால் அன்று இது தொல்லையாக இல்லை. இன்றைய டிஜிட்டல் காமிராவில் உள்ள உணரி அகச்சிவப்பை நன்றாகவே பதிவு செய்யும். கசிவு சிறிதாயினும், படத்தில் பதிவது புற ஊதாவா அகச்சிவப்பா என்று தெரியாமல் போய்விடும். ஆகவே அகச்சிவப்பைத் தடுக்கும் இளநீலப்பச்சைக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்து இரட்டையாகப் பொருத்துகிறார்கள். ஜெர்மனியின் பாடர் நிறுவனம் வெள்ளிக் கிரகத்தின் மேகங்களைப் படமெடுப்பதற்காகச் செய்த வடிகட்டி இவ்விரண்டு வேலைகளையும் ஒரே கண்ணாடியில் செய்கிறது. வானத்துக்காகச் செய்தது பூவுக்கும் பொருந்திவிட்டது.

ஒரே பெயர், நேர்மாறான வேலை

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. காமிராக் கடைகளில் 'யூவி பில்டர்' என்று கேட்டால், கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் ஒரு தகட்டைக் கொடுப்பார்கள். அது புற ஊதாவைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது. தொலைவுக் காட்சிகளில் மங்கல் விழாமலும், லென்ஸில் கீறல் படாமலும் காப்பதற்காக அதை மாட்டுகிறார்கள். பூவின் புற ஊதாப் படத்துக்கு அது உதவாது. கறுப்பாக இருப்பது விடுகிறது. தெளிவாக இருப்பது தடுக்கிறது. பள்ளி, கல்லூரிகளில் இச்சோதனையைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் பெயரைப் பார்த்து ஏமாறாமல், எந்த அலைநீளத்தை விடுகிறது என்ற விவரத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

வடிகட்டி மட்டும் போதாது. டிஜிட்டல் காமிராவின் உணரிக்கு முன்னால், புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடி ஒன்றைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிடுகிறார்கள். தேர்ந்தவரிடம் கொடுத்து அதை நீக்கிக்கொள்ள வேண்டும். லென்ஸ் விஷயத்திலும் கவனம் தேவை. பல அடுக்குப் பூச்சு கொண்ட புதிய லென்ஸ்கள் புற ஊதாவில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கண்ணாடித் துண்டுகள் குறைவாக உள்ள பழைய எளிய லென்ஸ்களும், படம் பெரிதாக்கும் கருவியில் இருந்த லென்ஸ்கள் சிலவும் இதைவிட நன்றாக வேலை செய்கின்றன. நிக்கான் நிறுவனம் குவார்ட்ஸ், புளோரைட் ஆகியவற்றால் இதற்கென்றே ஒரு லென்ஸ் செய்தது. அதன் விலை சாமானியர்க்கு எட்டாதது.

நல்ல வெயிலே இதற்கு ஏற்ற விளக்கு. உள்ளே நுழையும் ஒளி குறைவு என்பதால் காமிராவை முக்காலியில் நிறுத்தி, காற்றில்லாத நேரத்தில் எடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, பூவின் அருகே குழாய் இணைப்புக்குச் சுற்றும் வெள்ளை டெப்லான் நாடாவைச் சிறிது வைக்கலாம். அது புற ஊதாவை நன்கு திருப்பியனுப்புவதால் படத்தில் வெளுப்பாகவே தெரியும். வெள்ளைக் காகிதத்தை வைக்கக்கூடாது. காகிதத்துக்கு வெண்மை தரச் சேர்க்கும் பொருள்கள் புற ஊதாவை உறிஞ்சுவதால் அது கறுத்துவிடும்.

சூரியகாந்தி காட்டும் பாடம்

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. இந்தியாவில் எண்ணெய்ப் பயிராக இது பரவியது 1969-இல் சோவியத் ரஷ்யாவிலிருந்து இரகங்கள் தருவிக்கப்பட்ட பிறகே. இதன் புற ஊதாப் படத்தில் இதழ்களின் நுனி வெளுப்பாகவும், அடி கறுப்பாகவும் தெரிகின்றன. அடிப்பகுதியில் சேர்ந்துள்ள பிளேவனால் என்னும் பொருள்கள் புற ஊதாவை உறிஞ்சுவதால் இந்தக் கருவட்டம் உண்டாகிறது. கடுகுக் குடும்பத்திலும் வெறும் மஞ்சளாகத் தெரியும் பூக்கள் சிலவற்றில் இத்தகைய வட்டம் உண்டு.

கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் காட்டுச் சூரியகாந்திகளை ஆராய்ந்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டனர். இந்த வட்டம் செடிக்குச் செடி பெரிதும் வேறுபடுகிறது என்றும், ஒரு குறிப்பிட்ட மரபணு அதன் அளவைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்றும் அவர்கள் கண்டனர். வறண்ட பகுதிச் செடிகளில் வட்டம் பெரிதாக இருந்தது. பெரிய வட்டம் உள்ள இதழ்களிலிருந்து ஈரம் மெதுவாகவே வெளியேறியது. தேனீயை அழைக்கும் அதே பொருள், பூவின் ஈரத்தையும் காக்கிறது என்பது இதனால் தெரிய வந்தது.

சூரியகாந்திக் கொண்டையைச் சுற்றியுள்ள மஞ்சள் இதழ்கள் விதை தருவதில்லை. அவை விளம்பரப் பலகைகள் மட்டுமே. விதை தருபவை நடுவிலுள்ள நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். அவை வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி வரிசை வரிசையாகச் சில நாட்களில் மலர்கின்றன. ஒவ்வொரு சிறு பூவிலும் மகரந்தம் முதலில் வெளிவருகிறது. சூல்முடி அதன் பிறகே விரிகிறது. ஆகவே மகரந்தத்தை ஒரு பூவிலிருந்து மற்றொரு பூவுக்குக் கொண்டுசெல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் தேனீயே. இன்றைய வீரிய ஒட்டு இரகங்கள் தன் மகரந்தத்தாலும் ஓரளவு விதை பிடிக்கின்றன. எனினும் தேனீ வந்துபோகும் வயலில் பொக்கு குறைந்து, மணி நிறைகிறது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

இதற்காக எந்த விவசாயியும் காமிரா வாங்க வேண்டியதில்லை. படங்கள் காட்டும் உண்மையைப் பயன்படுத்திக்கொண்டால் போதும். பூவின் விளம்பரம் நமக்காகச் செய்யப்பட்டதன்று. நம் கண்ணுக்கு வயல் செழிப்பாகத் தெரிவதால் மட்டும் மகரந்தச் சேர்க்கை நடந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. தேனீ வருகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

1. பூக்கும் தருணத்தில் காலை வேளையில் வயலின் ஓரத்திலும் நடுவிலுமாகப் பத்துக் கொண்டைகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்னும் சில நிமிடங்கள் நின்று எத்தனை தேனீக்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்க்கவும். ஓரத்தில் வந்து நடுவில் வராவிட்டால், வயலுக்குத் தேனீக்கள் போதவில்லை என்று அறியலாம்.

2. பயிர் பூக்கத் தொடங்கியதும் தேனீப் பெட்டிகளை வயலருகே வைப்பது நல்லது. தனியாக முடியாதவர்கள் பக்கத்து நிலக்காரர்களுடன் சேர்ந்து வைக்கலாம்.

3. தேனீ குறைவாக இருந்தால், காலை 9 மணி முதல் 11 மணிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள், கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு பூத்த கொண்டைகளை மெதுவாகத் தடவிவிட வேண்டும். அடுத்தடுத்த இரு கொண்டைகளை ஒன்றோடொன்று மெல்ல உரசிவிடுவதும் பலன் தரும்.

4. பூத்திருக்கும் பயிருக்குப் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்கவே முடியாத நிலையில், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு மாலையில் மட்டும் தெளிக்கவும். காலையில் தெளித்தால், விளம்பரத்தைப் பார்த்து வந்த விருந்தாளிக்கு நஞ்சு வைத்தது போலாகும். அன்று சாகும் தேனீயால் அடுத்த வாரம் மலரும் பூக்களுக்கும் நஷ்டம்.

5. வரப்பிலுள்ள தும்பை போன்ற செடிகளை அடியோடு அழிக்காமல் கொஞ்சம் விட்டுவைக்கலாம். பயிர் பூக்காத நாட்களில் தேனீக்களை அவையே பக்கத்தில் நிறுத்தி வைக்கின்றன.

பசுமைக்குடில் போடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூரையில் போடும் பாலிதீன் விரிப்பும் ஒரு வடிகட்டிதான். புற ஊதாவைத் தடுக்கும் விரிப்புகளும் விற்பனைக்கு வருகின்றன. வெள்ளை ஈ போன்ற பூச்சிகளும் புற ஊதாவைக் கொண்டு வழி காண்பதால், இவ்விரிப்பின்கீழ் அவற்றின் நடமாட்டம் குறைகிறது. ஆனால் மகரந்தம் சுமக்கும் பூச்சிகளுக்கும் அதே ஒளி தேவை. தேனீயின் உதவியின்றிக் காய்க்கும் வெள்ளரி இரகத்துக்கு இவ்விரிப்பு பொருந்தும். தேனீயை நம்பிக் காய்க்கும் பயிரைக் குடிலுக்குள் வைப்போர், எந்த வகை விரிப்பு என்று கேட்டறிந்து வாங்க வேண்டும்.

புற ஊதா வட்டம் ஒன்றே தேனீயை அழைத்து வருவதில்லை. மணமும், தேனின் அளவும், வெயிலும் காற்றும் அதில் பங்கு பெறுகின்றன. என்றாலும், மண்ணைச் சோதித்து உரமிடுவது போலவே, தேனீயை எண்ணிப் பார்த்து மருந்து தெளிக்கும் பழக்கம் வரவேண்டும். அடுத்த பட்டத்தில் சூரியகாந்தி பூக்கும்போது விவசாயிகள் ஒரு காலை அரை மணி நேரம் வயலுக்குள் நின்று இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஏதுமில்லை, பொக்கு விதை குறைந்தால் அது முழுவதும் ஆதாயமே.