குற்றமா, நோயா?

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால், அந்தக் குளிர்ந்த காற்று சுரண்டை வரையில் வந்து வீசும். அந்நாட்களில் வீட்டு நாய் படுத்தெழுந்த சாக்கு நனைந்திருந்தால், "குளிர்ச்சி" என்று சொல்லிச் சிலர் சும்மா இருந்துவிடுவார்கள். சிலர் கம்பை எடுப்பார்கள். வேறு சிலர் தண்ணீர்ச் சட்டியை அப்புறப்படுத்துவார்கள். இம்மூன்றுமே பிசகு.

நாய் விழித்திருக்கையில் குந்தியோ காலைத் தூக்கியோ சிறுநீர் விட்டால், அது பழக்கமாகவோ பயமாகவோ இருக்கலாம். தூங்கும்போது தானாகக் கசிவது வேறு விஷயம். அது நாய்க்கே தெரியாமல் நடப்பது. தெரியாத காரியத்துக்கு அடி கொடுப்பதில் நியாயம் ஏது?

கருத்தடை செய்த பெட்டை நாய்களிடம், அதிலும் பெரிய ஜாதி நாய்களிடம், இக்கோளாறு அதிகம். ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைவதால் மூத்திரக் குழாயை மூடிவைக்கும் தசை தளர்ந்துவிடுகிறது. சிகிச்சை நடந்து பல மாதங்களுக்குப் பின்னரோ, சில வருஷங்களுக்குப் பின்னரோ இது தலைகாட்டக்கூடும். குட்டிப் பருவத்திலிருந்தே ஓயாமல் சொட்டினால் பிறவிக் கோளாறா என்று பார்க்க வேண்டும். முதுகெலும்பில் அடிபட்டாலும் கசிவு உண்டாகும்.

நீரிழிவு, சிறுநீரக நோய், கருப்பையில் சீழ் ஆகியவற்றால் தாகம் மிகுந்து சிறுநீரும் பெருகும். ஆகவே ஒரு நாள் முழுவதும் நாய் குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். எடையில் கிலோவுக்கு 100 மில்லி, அதாவது 20 கிலோ நாய்க்கு 2 லிட்டர், தாண்டினால் அது நோயின் அறிகுறி. அப்போது தண்ணீரை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

வைத்தியரிடம் போகுமுன், காலையில் நாய் முதன்முதல் விடும் சிறுநீரைச் சுத்தமான தட்டில் ஏந்திப் புட்டியில் அடைத்துக்கொள்ளுங்கள். தாமதமின்றிக் கொடுத்தால் சர்க்கரை, சீழ், கிருமி எல்லாம் அதில் வெளிப்படும். கல் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயும் ஸ்கேனும் காட்டும். உள்ளூர்க் கால்நடை மருத்துவர் மேல் பரிசோதனை வேண்டுமென்றால், திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தசைத் தளர்ச்சிதான் காரணமென்று தெரிந்தால், அதை இறுக்கும் மருந்தும் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்தும் உண்டு. பெரும்பாலான நாய்களுக்கு இவற்றால் குணம் தெரியும். ஆனால் மனிதருக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. படுக்குமுன் ஒரு முறை வெளியே அழைத்துச் செல்லுங்கள். சாக்கை அடிக்கடி மாற்றுங்கள். நனைந்த ரோமத்தைக் கழுவித் துடையுங்கள். இல்லாவிடில் தோல் புண்ணாகும். நாய்ச் சிறுநீரின் வழியே எலிக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றக்கூடும்; ஆதலால் கையுறை அணிந்து துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நாய் முக்கி முக்கியும் ஒரு சொட்டுக்கு மேல் வராவிட்டால் அது கசிவன்று, அடைப்பு. அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மற்றக் கசிவுகளுக்குச் சில நாள் பொறுமை போதும். கம்புக்கு அங்கே வேலையில்லை.