முறுக்கு வட்டமா?

ஆட்டையாம்பட்டி என்றாலே கைமுறுக்குதான். எங்கள் மூன்றாம் வகுப்பு ஓவியப் பாடவேளையில் வட்டமான பொருள்களை வரையச் சொன்னேன். வளையல், தட்டு, நாணயம் என வரைந்தார்கள். வீட்டில் முறுக்கு சுற்றும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி ஒரே கோடாக வரைந்திருந்தாள். “இது தப்பு, அழித்துவிட்டு வரை” என்றேன். “முறுக்கு இப்படித்தான் டீச்சர் இருக்கும்” என்றாள், கண் கலங்க. அவள் சொன்னதுதான் சரி.

மறுநாள் எல்லாருக்கும் களிமண் கொடுத்து, இரண்டு திரிகள் உருட்டச் சொன்னேன். ஒன்றின் முனைகளை இணைத்து வட்டமாக்கினோம். இன்னொன்றை முறுக்கு போலச் சுற்றினோம். பிறகு விரலை ஓட்டிப் பார்த்தார்கள். வட்டத்தில் விரல் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. நடுப்புள்ளியிலிருந்து தூரமும் மாறவில்லை. மற்றதில் விரல் நடுவை விட்டு விலகிக்கொண்டே போய் வெளிமுனையில் நின்றது. “இதன் பெயர் சுருள்” என்றேன். நத்தை ஓடு, கொசுவர்த்தி, சுருட்டிய பாய் எனப் பட்டியலை அவர்களே நீட்டினார்கள். முறுக்கு வரைந்த பெண்ணின் குரல்தான் அதில் ஓங்கி ஒலித்தது.

உங்கள் ஊர்ப் பொருளிலிருந்தும் வடிவங்களைத் தொடங்கிப் பாருங்கள். குழந்தையிடம் ‘தப்பு’ என்று சொல்வதற்கு முன், “எதைப் பார்த்து வரைந்தாய்?” என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.