குட்டி லோடருக்கு ‘டூ ஸ்பீடு’ அவசியமா? பணம் கட்டும் முன் போட வேண்டிய தூரக் கணக்கு!

பெரிய ஜே.சி.பி நுழைய முடியாத சந்தில், ஒரு குட்டி வண்டி நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று மண் அள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். சென்னை மாநகராட்சி குப்பையும் கட்டடக் கழிவும் அள்ளப் பயன்படுத்துவதும் இந்த வகை வண்டியைத்தான். மக்கள் வாயில் அதற்குப் பெயர் ‘பாப்காட்’. அது ஒரு கம்பெனியின் பெயர். வண்டி வகையின் பெயர், ஸ்கிட் ஸ்டியர் லோடர். பல கம்பெனிகள் இதைத் தயாரிக்கின்றன.

இந்த வண்டியை வாங்கப் போகிறவர் முடிவுசெய்ய வேண்டிய விஷயங்களில் ஒன்று, ‘டூ ஸ்பீடு’ வசதி வேண்டுமா என்பது. சாதாரண வண்டி மணிக்கு சுமார் 11 முதல் 13 கிலோமீட்டர் வேகத்தில் போகும். டூ ஸ்பீடு இருந்தால் 18 முதல் 20 கிலோமீட்டர் வரை போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கடன் வாங்கி ஒரே ஒரு வண்டி எடுத்துத் தொழில் செய்பவருக்கு, அந்தக் கூடுதல் தொகை மாதாமாதம் இ.எம்.ஐ-யில் வந்து நிற்கும். அது திரும்பி வருமா என்பதுதான் கேள்வி.

வான்கோழிக் கொட்டகையில் பிறந்த வண்டி

இந்த வண்டி வேகத்துக்காகப் பிறந்ததே இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ராத்சே என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்தவர்கள் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் சகோதரர்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவருக்கு ஒரு சிக்கல். வான்கோழிக் கொட்டகையில் எருவை வாரியாக வேண்டும். உள்ளேயோ தூண்களாக நிற்கின்றன. டிராக்டர் திரும்பவே இடமில்லை. மேல்தளத்திலும் ஓட்ட வேண்டும் என்பதால் வண்டி கனமாகவும் இருக்கக் கூடாது.

1957-ல் சகோதரர்கள் செய்து கொடுத்தது மூன்று சக்கர வண்டி. 1958-ல் மெல்ரோ என்ற கம்பெனி அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கியது. 1960-ல் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி வந்தது. 1962-ல் ‘பாப்காட்’ என்ற பெயர் ஏறியது. வட அமெரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் பெயர் அது. 2023-ல் கெல்லர் சகோதரர்கள் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

இதன் சக்கரங்கள் காரைப்போல இடம் வலம் திரும்பாது. இடப்பக்கச் சக்கரங்கள் முன்னாலும் வலப்பக்கச் சக்கரங்கள் பின்னாலும் ஓடினால், வண்டி தரையில் உரசியபடியே நின்ற இடத்தில் சுழலும். நெருக்கடியான இடத்தில் வேலை செய்வதுதான் இதன் அடிப்படை. வேகம் பின்னால் வந்து சேர்ந்த ஆசை.

சொம்பும் டம்ளரும்

வண்டியின் எந்திரம் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது பம்ப்பை இயக்கும். பம்ப் ஹைட்ராலிக் ஆயிலை அழுத்தி அனுப்பும். அந்த ஆயில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் சக்கரங்களைச் சுற்றும்.

ஒரே குழாயடியில் சொம்பையும் டம்ளரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் சொம்பு பத்து முறை நிறைந்தால், அதில் பாதி அளவுள்ள டம்ளர் இருபது முறை நிறையும். மோட்டாரும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அது இவ்வளவு ஆயில் குடிக்கும் என்று அளவு உண்டு. டூ ஸ்பீடு மோட்டாரில் அந்த அளவைக் குறைக்கலாம். பட்டனை அழுத்தினால் சொம்பு டம்ளராகிவிடும். வருகிற ஆயில் அதேதான். சுற்று மட்டும் கூடும்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. சுற்று கூடிய அளவுக்கு இழுவிசை குறையும். வேக நிலையில் வைத்துக்கொண்டு மண் குவியலில் பக்கெட்டைச் செருகினால், வண்டி திணறி நிற்கும். அதனால்தான் பல வண்டிகளில் மெது நிலைக்கு ஆமைப் படமும், வேக நிலைக்கு முயல் படமும் போட்டிருக்கிறார்கள். அள்ளும்போது ஆமை, வெறுமனே ஓடும்போது முயல்!

100 மீட்டர் கணக்கு

மணிக்கு 12 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 200 மீட்டர். 18 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 300 மீட்டர். மணல் குவியலுக்கும் கொட்டும் இடத்துக்கும் நடுவே 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வண்டிக்கு 30 விநாடி. டூ ஸ்பீடு வண்டிக்கு 20 விநாடி. போய் வர ஒரு நடைக்கு 20 விநாடி மிச்சம். ஒரு நாளைக்கு 90 நடை என்றால் மொத்தம் அரை மணி நேரம். மாதம் 25 நாள் ஓடினால் பன்னிரண்டரை மணி நேரம்.

அதே வேலை 10 மீட்டர் தூரத்தில் நடந்தால்? 90 நடைக்கும் சேர்த்து மூன்றே நிமிடம்தான் மிச்சம். அதுகூடக் காகிதத்தில்தான். 10 மீட்டருக்குள் வண்டி வேகம் பிடிப்பதற்குள் பிரேக் போடும் இடம் வந்துவிடும். சந்து, வீட்டு மனை, மாட்டுத் தொழுவம் என்று மட்டுமே ஓடும் வண்டிக்கு முயல் பட்டன் வெறும் அலங்காரம். பெரிய லே அவுட், நீளமான கோழிப் பண்ணை, சரக்கு யார்டு என்றால் கதையே வேறு.

மிச்சமாகும் நேரம் யாருக்கு?

பலர் யோசிக்காத இடம் இதுதான். வண்டியை மணிக்கணக்கு வாடகைக்கு விடுபவர், வேலையைச் சீக்கிரம் முடித்தால் பில்தான் குறையும். லாபம் வாடகைக்கு எடுத்தவருக்குப் போகும். வாடகையைச் சற்று உயர்த்திக் கேட்க முடிந்தால்தான் ஈடாகும். ‘மொத்த வேலைக்கு இவ்வளவு’ என்று பேசி எடுப்பவருக்கும், சொந்தப் பண்ணையில் ஓட்டுபவருக்கும் மிச்சமாகும் நேரம் அப்படியே சொந்தம்.

ஆபரேட்டரின் உயிர்

பெரும்பாலான ஸ்கிட் ஸ்டியர்களில் காரில் இருப்பதுபோல சஸ்பென்ஷன் கிடையாது. முன் பின் சக்கரங்களுக்கு இடையே தூரமும் குறைவு. மேடு பள்ளத்தில் வேகம் எடுத்தால் வண்டி முன்னும் பின்னும் குதிக்கும். பக்கெட்டில் உள்ளது சிந்தும். ஆபரேட்டரின் இடுப்பு வாங்கிக் கட்டிக்கொள்ளும். 12-லிருந்து 18 கிலோமீட்டர் என்றால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால், பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல். பின்பக்கம் சரியாகத் தெரியாத, இருபுறமும் தூக்கும் கைகள் பார்வையை மறைக்கும் வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை. பிள்ளைகள் விளையாடும் தெருவில் முயலுக்கு இடமே கிடையாது.

ஓட்டும்போது சீட் பெல்ட் கட்டாயம். பக்கெட்டைத் தரையை ஒட்டித் தாழ்வாக வைத்தே போக வேண்டும். வேகத்தில் திடீரென்று திருப்பக் கூடாது. வண்டி கவிழலாம், டயரும் தேயும். சரிவில் ஏறும்போது எந்தப் பக்கம் கனமோ அது மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். அதாவது, பாரம் இருந்தால் முன்பக்கமாக ஏற வேண்டும். காலி பக்கெட் என்றால் ரிவர்ஸில் ஏற வேண்டும். குலுக்கலைக் குறைக்கும் ‘ரைடு கன்ட்ரோல்’ வசதியும் சில வண்டிகளில் உண்டு. டூ ஸ்பீடு வாங்குபவர்கள் அதையும் சேர்த்து விலை கேட்பது நல்லது.

பழைய வண்டியில் மாற்ற முடியுமா?

பட்டன் மட்டும் வைத்தால் வேகம் வந்துவிடாது. இரண்டு பக்க மோட்டார்கள், வால்வு, ஹோஸ், வயரிங், சில வண்டிகளில் கன்ட்ரோலரின் மென்பொருள் என்று பலவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். வாரன்ட்டி என்னவாகும் என்பதையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வசதி தேவை என்று தெரிந்தால், புதிதாக வாங்கும்போதே சேர்த்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம். செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் படத்தை மட்டும் நம்பாமல், இரண்டு வேகத்திலும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

செலவே இல்லாத வழிகளும் உண்டு. ஜல்லியை டிப்பர் கொட்டும்போதே வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொட்டச் சொல்லலாம். வண்டி போகும் பாதையை முதலில் சமன் செய்யலாம். உமி, காய்ந்த எரு போன்ற லேசான பொருளுக்கு, வண்டியின் தூக்கும் திறனுக்குள் அடங்கும் பெரிய பக்கெட் மாட்டினால் நடையே குறையும்.

அதனால், ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக சைட்டில் நில்லுங்கள். ஒரு நடைக்கு எத்தனை மீட்டர், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று எழுதுங்கள். டூ ஸ்பீடு வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.